அப்பாவுக்குச் சுடாத ரோடு

என் அப்பாவின் காக்கிச் சட்டை எதை எடுத்தாலும் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். நாலாவது பட்டனுக்கு நேராக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நூல் தேய்ந்து வெளுத்திருக்கும். ஸ்டியரிங் உரசும் இடம். அப்பா அரசு பஸ் டிரைவர். திருவண்ணாமலையில் எடுத்தால் கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை. திரும்பவும் அதே வழி. இருபத்திரண்டு வருஷம். அந்தக் கோட்டைச் சட்டையோடு சேர்த்தே தைத்துக் கொடுக்கிறார்கள் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன். கண்டக்டர் சட்டைக்குப் பெரிய பை, டிரைவர் சட்டைக்குக் கோடு.

போன வருஷம் அந்தக் கோடு பட்டையாகிவிட்டது. முதலில் கவனித்தது அம்மா. துவைத்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தள்ளிவெக்கச் சொல்லுங்க டிப்போவுல. சட்டைதான் தேயுதுன்னு பாத்தா மனுஷனே தேஞ்சிடுவீங்க போல" என்றாள்.

அப்பா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "சீட்டைப் பின்னாடி தள்ளிட்டேன். இனிமே தள்ளினா பாசஞ்சர் மடியிலதான் உக்காரணும்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு பொங்கல் வரைக்கும்தான். தை பிறந்து ஒரு வாரத்தில் அப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுகர் அவருக்கு மூன்று வருஷமாக இருக்கிறது, மாத்திரை போடுகிறார், அதெல்லாம் தெரியும். ஆனால் இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் பேனாவை மூடினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"மாத்திரை அதோட வேலையைச் செய்யுது. நீங்கதான் உங்க வேலையைச் செய்யல. மூணு மாசம் பாக்கறேன். சாப்பாடு, நடை ரெண்டும் மாறலன்னா ஊசிதான்."

வெளியே வந்து அப்பா பைக்கில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. பின்னால் நான் ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன்.

"சித்திரையில மெடிக்கல் செக்கப் வருதும்மா. ஊசி போடற டிரைவர்னு எழுதிட்டா வண்டி தரமாட்டாங்க. டிப்போவுல உக்கார வெச்சிடுவாங்க. டயருக்கு நம்பர் எழுதற வேலை."

அது விதியா, டிப்போவில் பேசிக்கொள்கிற பேச்சா, எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அப்பா நம்பினார். அவர் எதற்காவது பயந்து நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை. செஞ்சி மலைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போன கதையையே வெற்றிலை மென்றுகொண்டு சொல்கிறவர் அவர்.

நான் எம்.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஒரு இடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாத ஜென்மம். எனக்கு இதைவிட நல்ல வேலை யார் கொடுப்பார்கள்? அன்று சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். காலை சுகர், ராத்திரி சுகர், அரிசி எத்தனை கரண்டி, டீ எத்தனை, நடை எத்தனை அடி. பதினோரு கட்டம். போனில் நடுவயது ஆண்களின் ஆரோக்கியம் பற்றி எத்தனை வீடியோ உண்டோ அத்தனையும் பார்த்தேன், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். மூன்று நாளில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் ஜெயித்தேன், அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. டிரைவர் உடம்பு எப்படி ஊதுகிறது என்று வீடியோக்காரர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் ஒரு டீ, செஞ்சியில் ஒரு டீ, திண்டிவனத்தில் ஒரு டீ. டிரைவர் டீ என்றால் கடைக்காரர் கேட்காமலே சர்க்கரையை ஜாஸ்தி போடுவார், தூக்கம் வராதாம். அப்புறம் நடுவழி ஓட்டல். முப்பது நாற்பது பயணிகளைக் கொண்டுவந்து இறக்கி விடுகிற புண்ணியத்துக்கு டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே தனி மேஜை, பில் கிடையாது. பரோட்டா, முட்டை, மேலே ஒரு கரண்டி சால்னா, அதற்கும் மேலே ஓட்டல்காரரின் அன்பு. இருபத்திரண்டு வருஷத்து அன்பு முழுக்க அப்பாவின் நாலாவது பட்டனுக்கு நேராகத் தங்கியிருந்தது.

நான் டப்பா கட்டிக் கொடுத்தேன். ஒரு கை களி, முருங்கைக்கீரை, வேகவைத்த வேர்க்கடலை, வெள்ளரிக்காய். அப்பாவோடு பத்து வருஷமாக ஒரே வண்டியில் வரும் கண்டக்டர் மாமா மறுநாளே வீட்டுக்கு வந்து புகார் சொன்னார்.

"பாப்பா, உங்கப்பா நடு ஓட்டல்ல உக்காந்து டப்பாவைத் தொறக்கறாரு. முதலாளி ஓடி வந்து, 'ஏங்க, நேத்து குருமா ஏதாச்சும் கெட்டுப்போயிருந்துச்சா'னு கேக்கறாரு. மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சி."

"நீங்க என்ன சாப்ட்டீங்க மாமா?"

"அவருக்கு வெச்ச பரோட்டாவையும் நான்தான் சாப்ட்டேன். அந்தாளு மனசு நோகக் கூடாதில்ல."

"உங்களுக்கும் நோட்டுல ஒரு பக்கம் போடறேன்."

"போடு. எழுதாம விட்டுடு."

ஒரு மாதத்தில் டீ மூன்றிலிருந்து ஒன்றானது, சர்க்கரை இல்லாமல். காலை சுகர் மெல்ல இறங்கியது. மிச்சம் இருந்தது நடை. அதில்தான் நான் கவிழ்ந்தேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. வாசலில் நின்றால் மலையைச் சுற்றுகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் அப்பா கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட முழுசாகச் சுற்றியதில்லை. பௌர்ணமி என்றால் ஊர் நடக்கும்; அப்பாவுக்கு ஸ்பெஷல் பஸ் டூட்டி. சுற்ற வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார், சுற்றி முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு போவார். பதினாலு கிலோமீட்டர் பாதை, வாசலிலிருந்தே ஆரம்பம், பெட்ரோல் செலவில்லை, கூடவே புண்ணியம். இதைவிட நல்ல நடை எங்கே கிடைக்கும் என்று நான்தான் திட்டம் போட்டேன். மாசி மாதம் கடைசி ஞாயிறு, வெறுங்கால், முழுச் சுற்று. மலையைச் செருப்போடு சுற்றுவதாவது என்று எனக்கு யோசனைகூட வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

காலை ஐந்து மணி என்று நோட்டில் எழுதியிருந்தேன். முந்தின நாள் டூட்டி முடித்து வந்த மனுஷன் எழுந்தது ஏழுக்கு. கிளம்பினோம். வாயு லிங்கம் வரைக்கும் அப்பா வாசல் வாசலாக ஊர்க்காரர்களிடம், "பொண்ணு நடக்கச் சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். புகார் மாதிரிதான் சொன்னார், முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அண்டாவை வைத்துச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா கை நீட்டினார். நான் முறைத்தேன்.

"பிரசாதத்தை வேணாம்னு சொல்லக் கூடாதும்மா. நோட்டுல எழுதிக்கோ."

டவுனுக்குள் வந்ததும் கேசரி. அதைத் தாண்டி ஒரு இடத்தில் ரோஸ் மில்க். எல்லாம் பிரசாதம். நடந்து கரைத்ததை ஒவ்வொரு பந்தலிலும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். நானும் வாங்கினேன், பொய் சொல்லக் கூடாது.

நிருதி லிங்கம் தாண்டி மரநிழல் விட்டபோது மணி பத்தரை ஆகிவிட்டது. தார் ரோடு காய்ந்திருந்தது. நான் ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு ஓடினேன். வெள்ளையில் சூடு கொஞ்சம் கம்மி, இந்தப் பாதையில் நடக்கிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக் கோடு அழிந்த இடத்தில் குதித்துக் குதித்து மண்ணுக்குப் போனேன். அப்பா கறுப்புத் தாரின் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆற அமர நடந்துவந்தார்.

"சுடலையாப்பா?"

"சுடலையேம்மா."

"நெஜமாவா?"

"நல்லாத்தானே இருக்கு. நீ ஏன் தவ்வற?"

வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா ஒருத்தர் ஓரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார். "அது உடம்பு நடக்கறது இல்லம்மா, மனசு நடக்குது. மனசுக்குச் சுடுமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் போய் அப்பாவின் பாதங்களைப் படம் எடுத்தேன். கறுப்பு ரோடு, வெறுங்கால், மடித்துக் கட்டிய வேட்டி, முன்னால் மலை. 'என் அப்பாவின் வைராக்கியம்' என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாம் கும்பிடும் கை அனுப்பினார்கள். பெருமையில் எனக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை, பிரசாதம் வேறு வயிற்றில் இருந்தது. சாயங்காலம் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் ஏறியிருந்தது. ரோஸ் மில்க் கணக்கு என்று அதையும் எழுதி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். படுக்கையிலிருந்து குளியலறை வரைக்கும் சின்னச் சின்னதாக ஈரத் தடம், ஒரு அடி விட்டு ஒரு அடி. துணியைத் திருப்பிப் பார்த்தாள். இளஞ்சிவப்பு.

"ஏங்க, இங்க வாங்க. வலது காலைத் தூக்குங்க."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். பெருவிரலுக்குக் கீழே சதைப் பகுதி முழுக்கக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. நடுவில் டூட்டிக்குப் போய் வந்திருக்கிறார், அந்தக் காலில் பிரேக் மிதித்திருக்கிறார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிறவர் மாதிரி, "இது எப்ப ஆச்சு?" என்று எங்களைக் கேட்டார்.

டாக்டரம்மா காயத்தைச் சுத்தம் பண்ணி முடித்தார். அப்புறம் கேட்டார்.

"வெறுங்காலோட கூட்டிட்டுப் போனது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"சூடா இருந்துச்சா ரோடு?"

"எனக்குச் சுட்டுச்சு. அப்பாவுக்குச் சுடல."

"சுடலைன்னு சொன்ன அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

மேஜை இழுப்பறையிலிருந்து மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழை பொருத்திய குச்சியை எடுத்தார். அப்பாவைப் படுக்கச் சொன்னார்.

"கண்ண மூடிக்கங்க. கால்ல நான் தொடற ஒவ்வொரு தடவையும் 'ம்'னு சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடினார். டாக்டரம்மா பெருவிரல் நுனியில் இழையை வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. அப்பா சும்மா இருந்தார். அடுத்த விரல். அதற்கும் அடுத்தது. விரல்களுக்குக் கீழே மூன்று இடம். நான் எண்ணிக்கொண்டு நின்றேன், எண்ணத்தான் எனக்குத் தெரியும். ஆறு இடம் ஆகியிருந்தது. அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நான் ரெடி டாக்டர். ஆரம்பிங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

குதிகாலிலும் உள்ளங்கால் வளைவிலும் தொட்டபோதுதான் 'ம்' வந்தது. அப்புறம் டாக்டரம்மா தன் கையைப் பாதத்தால் அழுத்தச் சொன்னார், தள்ளச் சொன்னார், விரலை மேலே தூக்கினால் மேலே என்று சொல்லச் சொன்னார். அதெல்லாம் அப்பா சரியாகச் செய்தார்.

"முன்பக்கம் தோல்லதான் உணர்ச்சி கம்மியாயிருக்கு. அழுத்தம், அசைவு நல்லாத் தெரியுது. இப்பவே புடிச்சா நிறுத்தலாம். மூணு வாரம் வண்டி வேணாம். காயம் ஆறட்டும்."

வீட்டுக்கு வந்ததும் போனைத் திறந்தேன். அந்த ஸ்டேட்டஸ் எப்போதோ தானாகவே மறைந்திருந்தது. படம் மட்டும் போனில் இருந்தது. பெரிசு பண்ணிப் பார்த்தால் வலது பாதத்தின் ஓரம் அப்போதே சிவந்திருப்பது தெரிந்தது. வைராக்கியம் என்று எழுதிப் போட்டவள் நான். நீள நோட்டைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் சரியாகியிருப்பேன். ஒரு வாரம் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்துக்கிடந்தவர், எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த நோட்டு எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். என் பதினோரு கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாத்தியார் மாதிரி இல்லை, மெக்கானிக் மாதிரி பார்த்தார்.

"எல்லாம் கரெக்ட்டாத்தான் எழுதியிருக்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயரைத்தான் பாக்கல."

டிப்போவில் வண்டி எடுக்கிற டிரைவர் முதலில் சீட்டில் ஏறி உட்கார மாட்டார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டுவார். சத்தத்திலேயே காற்று கம்மியா என்று தெரிந்துவிடும். ஓடி வந்து நின்ற வண்டி என்றால் புறங்கையை டயரில் வைத்துச் சூடு பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், பொய் சொல்லும். புறங்கைதான் உண்மை சொல்லும். இது அப்பாவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. புதுப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் அவரே எழுதினார்: டயர் ரெண்டு. தண்ணி. எண்ணெய். ஓட்டம். பிரேக்.

"பிரேக் எதுக்குப்பா?"

"வாய்க்கு."

அவ்வளவுதான் அவருடைய ஆரோக்கியத் திட்டம். அஞ்சு வரி. என் பதினோரு கட்டம் ஒரு மாதத்தில் செய்ததை அது ஒரே வாரத்தில் செய்தது. ஏனென்றால் இது அவருடைய வேலை, என்னுடைய படிப்பு இல்லை. காலையில் எழுந்ததும், வீணாய்க் கிடந்த மொபெட்டிலிருந்து கழற்றிய கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒவ்வொரு பாதமாக நீட்டிப் பார்ப்பார். விரல் இடுக்கு, குதிகால், ஓரம். பல் தேய்ப்பது பிறகுதான். குளிக்கப் போனால் வாளித் தண்ணீரில் முதலில் புறங்கை. எண்ணெய்க்குப் பொறுப்பு அம்மா. அவள் இத்தனை வருஷம் கரண்டியால் ஊற்றியதை ஸ்பூனுக்கு மாற்றி, "இனிமே வடை கேட்டா வண்டி ஏத்திடுவேன்" என்று அறிவித்தாள்.

மூன்று வாரத்தில் காயம் ஆறியது. அடுத்தது ஓட்டம். டாக்டரம்மா சொன்னபடி முன்பக்கம் அகலமான கேன்வாஸ் ஷூ வாங்கினோம், உள்ளே பருத்தி சாக்ஸ். பதினாலு கிலோமீட்டர் எல்லாம் இல்லை. வெயில் வருவதற்கு முன் வீட்டிலிருந்து வாயு லிங்கம் வரை, திரும்ப வீடு. அந்தப் பாதையில் ஷூ போட்டுக்கொண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எல்லாரும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தை. முதல் நாள் அப்பா ரோட்டின் ஓரமாக, திருடிக்கொண்டு போகிறவர் மாதிரி நடந்தார். மூன்றாம் நாள் எதிர் வீட்டுத் தாத்தா வாசலில் நிறுத்திவிட்டார்.

"ஏம்பா, பட்டாளத்துல சேந்துட்டியா? மலையைச் சுத்தற ரோட்டுல பூட்ஸு."

"எனக்குச் சுகர்ங்க. கால்ல உணர்ச்சி இல்ல."

"அதுக்காக சாமி ரோட்டுல..."

"மலைக்கு என் ரிப்போர்ட் தெரியுங்க. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அன்றிலிருந்து அப்பா ரோட்டின் நடுவில் நடந்தார். பிரசாதத்துக்கும் வழி கண்டுபிடித்தார். வாங்குவார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், ஒரு விரல் நுனி எடுத்து வாயில் வைப்பார், மீதியை என் கையில் கொடுத்துவிடுவார். பங்குனி முடிவதற்குள் அப்பா நாலு கிலோ இறங்கினார். நான் இரண்டு கிலோ ஏறினேன். அம்மா இதை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னாள்.

சித்திரை பிறந்தது. மெடிக்கலுக்கு முந்தின நாள் கண்டக்டர் மாமா வந்து சேரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ண்ணா, சுகர் இறங்கிடுச்சி, ஊசி இல்லைனு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அத்தோட விடு. கால் மேட்டரை அங்க பேசாத. அவங்க கண்ணு பாப்பாங்க, பிரஷர் பாப்பாங்க, சுகர் பாப்பாங்க. உள்ளங்காலைத் தூக்கி யாரும் பாக்கப் போறதில்ல."

அப்பா கேட்டுக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமா சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்றுதான் என் மனசும் சொன்னது. அதை மறைக்க மாட்டேன். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டயருக்கு நம்பர் எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்குக் காரணம் என் நோட்டும் என் ஞாயிற்றுக்கிழமையும் என்று ஆகிவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய பயம்.

மறுநாள் அப்பாவோடு நானும் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. கண் பார்த்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். சுகர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த டாக்டர், "பரவால்ல, கன்ட்ரோல்லதான் இருக்கு, போலாம்" என்றார். அப்பா எழுந்தார். எழுந்தவர், சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதம்.

"என்னங்க இது?"

"வலது கால்ல முன்பக்கம் உணர்ச்சி கம்மி சார். கொப்புளம் வந்து ஆறியிருக்கு. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

"நாங்க கேக்கலியே."

"அறுபது பேரை ஏத்திட்டுப் போறேன் சார். நீங்க கேக்காட்டியும் நான் சொல்லணுமில்ல."

தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் டாக்டர், "ஷூவைக் கழட்டுங்க" என்றார்.

முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். நடக்கச் சொன்னார்கள், கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள், பாதத்தால் கையைத் தள்ளச் சொன்னார்கள், மிதிக்கிற வேகம் பார்த்தார்கள். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தாழ்வாரத்து ஓடுகளை எண்ணினேன், இரண்டு தடவை எண்ணியும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. எம்.எஸ்சி. கணக்கு.

அப்பா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டினார். நிதானமாக, இரண்டு முடிச்சு.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா கால் காட்டணுமாம்."

"வண்டி?"

"நாளைக்குக் காலையில முதல் ட்ரிப்."

அப்போது வந்த பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிறன்று ரோட்டில் வந்ததும் பெருமைதான், ஆனால் அது வேறு சரக்கு. சுடாத காலைப் பார்த்து வந்தது அது. இது மேஜை மேல் வைத்த அந்தத் தாளைப் பார்த்து வந்தது. படம் எதுவும் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

சித்ரா பௌர்ணமி வந்தது. ஊருக்குள் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூரில் தோழியின் வீட்டுக்குப் போயிருந்த நான் மதியம் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். வந்தது அப்பாவின் வண்டி. கண்டக்டர் மாமா என்னைப் படியில் இழுத்து ஏற்றி, "டிரைவர் வீட்டுப் பொண்ணு, கொஞ்சம் வழி விடுங்க" என்று முன்பக்கம் வரை தள்ளிவிட்டார். என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு தடவை புருவத்தைத் தூக்கினார், அவ்வளவுதான். டூட்டியில் பேச மாட்டார்.

நான் சட்டையைப் பார்த்தேன். புதுச் சட்டை. ஸ்டியரிங்குக்கும் நாலாவது பட்டனுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது.

பயணிகள் நிறையப் பேர் பஸ்ஸிலேயே செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிய நிமிஷமே நடக்க ஆரம்பிக்கிற அவசரம். மணி இரண்டு. தற்காலிக பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. அப்பா என்ஜினை அணைத்தார். கதவைத் திறக்கும் முன் தன் பக்கத்துக் கதவு வழியாகத் தான் மட்டும் குதித்து இறங்கி, முன் டயரில் புறங்கையை வைத்தார். அப்புறம் குனிந்து, அதே புறங்கையைத் தாரில் வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். திரும்ப ஏறி, சீட்டில் உட்காராமல் பயணிகள் பக்கம் திரும்பி நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பயணிகளைப் பார்த்து நின்று பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"கீழ ரோடு சூடா இருக்கு. சுகர் இருக்கறவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்குங்க. உங்களுக்குச் சுடாது, அதான் பிரச்சனை. சாயங்காலமா நடங்க. மலை கோச்சுக்காது."

பின்னாலிருந்து யாரோ, "டிரைவரு இல்ல, டாக்டரு" என்றார். சிரிப்பு எழுந்தது. கண்டக்டர் மாமா விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "டிரைவர் சொன்னா சொன்னதுதான். செருப்பு போடாதவங்களுக்குக் கதவு திறக்காது" என்றார்.

முதலில் யாரும் அசையவில்லை. அப்புறம் மூன்றாவது வரிசையில் ஒருவர், அப்பா வயசுதான், அப்பாவின் பழைய வயிறுதான், பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்துவிட்டுப் பைக்குள் கையை விட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஏழு பேர். நான் எண்ணினேன். ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுக்கு மேலே குனிந்து, ஒவ்வொரு செருப்பாக மாட்டினார்கள். அப்பா எண்ணவில்லை. அவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில், எல்லாரும் பத்திரமாக இறங்கினார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.